சாயங்காலத்து வேகத்தைச் சொல்லுங்கள்

மலை முகட்டில் மஞ்சு இறங்கும் இந்த மாலை வேளையில், மன்றத்தின் நடுநாயகமாக வீற்றிருக்கும் எங்கள் தோட்டத்துக் கோயில் தலைவர் கஜேந்திரன் அவர்களே! தேயிலைக் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, முகம் கழுவிய ஈரம் காயும் முன்னே இங்கே வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! செடி வெட்டும் கவ்வாத்து மலையிலிருந்து கால்கடுக்க இறங்கி வந்திருக்கும் பெரியோர்களே! பதுளையிலிருந்து வளைவுக்கு வளைவு குலுங்கி வந்து, நம் படிப்பகத்துக்குக் கணினியும் இணையப் பெட்டியும் அன்பளிப்பாகத் தந்திருக்கும் மலையருவி இணைய நிறுவனத்தின் பிரதிநிதி, சகோதரி நளீரா அவர்களே! பெரகல சந்தியில் பலசரக்குக் கடை நடத்தும் வைரவநாதனாகிய என் வணக்கம் உங்கள் அனைவரையும் வந்து சேரட்டும்!

நன்றியுரை சொல்ல வேண்டும் என்று தலைவர் என்னை அழைத்தார். என்ன, பின்வரிசையில் ஒரு குரல்? சுருக்கமாகச் சொல்ல வேண்டுமா? தம்பி, நன்றியைச் சுருக்கமாகச் சொல்லலாம். நியாயத்தைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா? கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். வடையும் தேநீரும் எங்கேயும் ஓடிவிடாது.

அன்பர்களே! இந்த மலையில் ஒரு குரலுக்காக நாம் காத்திருந்த காலம் உங்களுக்கு நினைவிருக்கிறதா? சந்தியில் என் தகப்பனாரின் கடையில் மட்டுமே தொலைபேசி இருந்தது. கடல் கடந்து போன மகளோ மருமகனோ அழைப்பதாகத் தகவல் வந்தால், பஸ் கண்டக்டர் வாய்வழியாக அது மலையேறும். மறுநாள் குடும்பமே இறங்கி வரும். எப்படி வரும்? நல்ல சேலை உடுத்தி, நெற்றியில் திருநீறு பூசி, பிள்ளைகளுக்குத் தலைவாரிப் பவுடர் போட்டு வரும்! பேசப்போவது தொலைபேசியில். மறுமுனையில் இருப்பவருக்கு முகம் தெரியாது, முழுச் சேலையும் தெரியாது. தெரிந்தும் உடுத்தி வந்தார்களே, அந்த அன்புக்கு என்ன பெயர் வைப்பேன்? கல்லாவில் நின்றபடி அதைப் பார்த்துப் பார்த்து என் வாலிபம் கழிந்தது.

அதற்குப் பிறகு கைப்பேசி வந்தது. கைக்குக் கை போன் வந்தது; காதுக்குச் சத்தம் வந்ததா? வரவில்லை! மேல்மலையில் அந்தப் பெரிய பாறை ஒன்றில்தான் சிக்னல் கிடைத்தது. சிரிக்கிறீர்களே, அம்மா! நீங்களும் அங்கே ஏறியவர்தானே? கொரோனாக் காலத்தில் பிள்ளைகள் பாடம் படித்ததும் அந்தப் பாறையில்தான். பெற்றோர் குடை பிடிக்க, பிள்ளைகள் குந்தியிருந்து படித்தார்கள்.

அந்தப் பாறைக்கு ஒரு முறை இருந்தது. எவரும் எழுதி வைக்காத முறை. வெளிநாட்டு அழைப்பு வந்தவருக்கு முதலிடம். அவர் பேசத் தொடங்கினால் மற்றவர் எல்லோரும் முதுகைக் காட்டித் திரும்பி நிற்பார்கள். அழுதால் அழட்டும், சண்டை போட்டால் போடட்டும், அது அவர் குடும்பம். பேசி முடித்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீங்க வாங்க" என்று அடுத்தவருக்கு இடம் விடுவார். இன்று அந்தப் பாறையில் ஆடு படுத்திருக்கிறது. முதன்முதலில் அதைப் பார்த்தபோது எனக்கு ஏக்கமாக இருந்தது, உண்மையைச் சொல்கிறேன்.

ஏன் பாறை வெறுமையானது? மலையருவி வந்தது! சந்தியில் என் கடைக்கு எதிரிலேயே பெரிய விளம்பரப் பலகை வந்தது. 'மின்னலை மிஞ்சும் வேகம்! நூறு எம்பி வரை!' அந்த நூறு, பலகையை விட்டு வெளியே குதிக்கும் அளவுக்குப் பெரிசு. பக்கத்தில் இருக்கும் 'வரை' என்ற சொல்லை வாசிக்க நான் மூக்குக்கண்ணாடியைத் தேட வேண்டியிருந்தது. சகோதரி சிரிக்கிறார். சிரியுங்கள், சகோதரி. உங்களை நான் குறை சொல்லவில்லை. பலகை வரைந்தவர் நீங்களா?

அத்தோடு நின்றார்களா? செய்து காட்டவும் வந்தார்கள். நம் பிள்ளைக்காம்பராவில், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் அந்த அறையில், பெட்டியை வைத்துப் படம் ஓட்டினார்கள். ஆகா! பளிங்கு போல ஓடியது படம்! தொட்டிலில் கிடந்த குழந்தைகள்கூடத் தலை தூக்கிப் பார்த்தன. காலையில் காட்டியதை நம்பி, நம் வரிசை வீடுகளில் லயத்துக்கு லயம், காம்பராவுக்குக் காம்பரா பெட்டி வாங்கினோம்.

அன்பர்களே, நாம் விட்ட பிழையைக் கவனித்தீர்களா? அவர்கள் வந்தது காலையில்! காலையில் இந்தத் தோட்டத்தில் யார் இருக்கிறார்கள்? கொழுந்துக்குப் போனவர்கள் மலையில், பள்ளிக்குப் போனவர்கள் பள்ளியில். ஆளில்லாத நேரத்தில் அளந்து காட்டினார்கள். அத்தனை பேரும் வீடு திரும்பி, ஒரே கோபுரத்து அலையைப் பங்குபோடும் நேரத்தில் அளக்க வேண்டும் என்று நமக்குத் தோன்றவே இல்லை. கொழுந்து நிறுக்கும்போது தராசு முள்ளை விட்டுக் கண்ணை எடுக்காத நாம், இந்த ஒரு நிறுவையில் ஏமாந்து போனோம்.

இப்போது நான் லீலாவின் கதைக்கு வருகிறேன். நம் கணபதி அண்ணனின் தங்கை லீலா. கணவனைப் பறிகொடுத்தவள்; குவைத்தில் ஒரு வீட்டில் சமையல் வேலை செய்கிறவள். அவளுடைய ஒரே மகள் சுதர்ஷினியைப் பெண் கேட்டுப் பூனாகலையிலிருந்து ஆள் வந்தார்கள். பையன் சுரேன், தங்கமான பையன். தட்டு மாற்றுவது சாயங்காலம் என்று முடிவாயிற்று. பகலில் எவரும் வேலையை விட முடியாதே!

நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். பெண்ணைப் பெற்றவளைச் சபை நடுவே "சம்மதமா?" என்று கேட்பார்கள். அவள் வாய் திறந்து "சம்மதம்" என்று சொன்னால்தான் தட்டு கை மாறும். லீலாவால் வர முடியாது. ஆகவே சாமி படத்துக்குக் கீழே போனைச் சாய்த்து வைத்து, அதற்கும் ஒரு பூச்சரம் சாத்தினார்கள். திரையில் லீலா வந்தாள். சமையலறை மூலையில் நின்றபடி, வீட்டுக்கார அம்மா கூப்பிடும் முன்னே பேசிவிட வேண்டுமே என்ற தவிப்போடு, மகளைப் பார்த்துச் சிரித்தாள்.

மாப்பிள்ளையின் பெரிய அத்தை இராக்கம்மா கணீரென்று கேட்டார்: "என்ன லீலா, ஒனக்குச் சம்மதந்தானே?"

லீலா வாயைத் திறந்தாள். படம் நின்றுவிட்டது!

நடுவே ஒரு வட்டம் சுற்றுகிறது. பின்னால் லீலாவின் முகம், கண் பாதி மூடி, வாய் ஒரு பக்கம் கோணி, கசப்பு மருந்து குடித்தவள் போல. சபை காத்திருந்தது. வட்டம் சுற்றியது. சுதர்ஷினி தாயின் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இராக்கம்மாவுக்குப் பொறுமை போயிற்று. "என்ன கணபதி, ஒந்தங்கச்சி மூஞ்சிய இப்பிடி வச்சிருக்கு? புடிக்கலைன்னா இப்பவே சொல்லிருங்க. நல்ல நேரம் போய்க்கிட்டு இருக்கு. நாங்க பஸ்ஸப் புடிச்சு ஊரு போய்ச் சேரணும்."

"இல்லக்கா, அது நெட்டு நின்னுபோச்சு" என்றார் கணபதி.

"நெட்டு நின்னா மூஞ்சி ஏன் கோணுது?"

சிரிக்கிறீர்கள். அன்று எவரும் சிரிக்கவில்லை. அந்தச் சபையில் நானும் இருந்தேன். சுதர்ஷினியின் கண்ணில் நீர் திரண்டதைப் பார்த்தேன். அந்தக் கல்யாணம் அந்த வட்டத்தில் மாட்டிக்கொண்டு சுற்றியது.

கணபதி எழுந்தார். சுவரில் மாட்டியிருந்த தப்பு மேளத்தை இறக்கினார். அடுப்படிக்குப் போய்த் தோலைக் கொஞ்சம் சூடு காட்டினார். வாசலுக்கு வந்து அடித்தார் பாருங்கள், பெரட்டுத் தப்பு! விடியலில் ஆட்களை வேலைக்குக் கூட்டிய அந்தப் பழைய அடி! எத்தனை காலமாயிற்று அதைக் கேட்டு! லயம் லயமாகக் கதவு திறந்தது. கையில் போனோடு வெளியே வந்தார்கள் எல்லோரும்.

"லீலா பேசணும்யா! தட்டு மாத்துற நேரம்! எல்லாரும் போன அணைச்சுப் போடுங்க! டிவியையும் பெட்டியையுந்தான்! கொஞ்ச நேரம் லீலாவுக்கு வழி விடுங்கய்யா!"

கிரிக்கெட் பார்த்தவன் அணைத்தான். நாடகம் பார்த்தவள் அணைத்தாள். பாடம் இறக்கிக்கொண்டிருந்த பிள்ளைகளும் அணைத்தார்கள். அடுத்த லயத்து விஜயலெட்சுமி, கத்தாரில் இருக்கும் கணவரோடு அந்த வாரத்தில் முதன்முறையாகப் பேசிக்கொண்டிருந்தவர், "வைக்கிறேங்க, லீலாவுக்கு அவசரமாம்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். பெட்டிகளின் பச்சை விளக்குகள் காம்பரா காம்பராவாக அணைந்துகொண்டே போயின.

வட்டம் நின்றது. படம் அசைந்தது. கோணிய வாய் நேரானது. அழுது சிவந்த முகத்தோடு லீலா கத்தினாள்: "அண்ணே, கேக்குதாண்ணே? எத்தன வாட்டிண்ணே சொல்றது? சம்மதம்! எனக்கு முழுச் சம்மதம்!"

இராக்கம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே அதட்டினார்: "அடியே, இத மொதல்லயே சொல்லக்கூடாதா?" தட்டு கை மாறியது. நல்ல நேரமும் தப்பவில்லை.

அன்பர்களே! பலகையில் எழுதியிருந்த வேகம் அன்று எங்களுக்குக் கிடைத்தது. கொடுத்தது யார்? கோபுரமா? பெட்டியா? பலகையா? இல்லை! தன் பேச்சை நிறுத்தியவர் கொடுத்தார்! தன் படத்தை அணைத்தவர் கொடுத்தார்! பாறையில் முதுகு காட்டி நின்ற அதே சனம், அன்றும் லீலாவுக்காக ஒதுங்கி நின்றது! பாறைக்காக ஏங்கினேன் என்றேன் அல்லவா? அந்த ஏக்கம் அன்றோடு தீர்ந்தது. பாறை போனாலும் அந்த முறை போகவில்லை.

ஆனால், அந்த மனசை நம்பி நிறுவனம் வியாபாரம் செய்யலாமா? எல்லோரும் கட்டணம் கட்டுகிறோம். ஒருவர் பேச மற்றவர் எல்லோரும் ஊமையாக வேண்டுமா? சகோதரி நளீரா அவர்களே, கை கூப்பிக் கேட்கிறேன். உங்கள் மேலிடத்துக்கு இதைக் கொண்டுபோங்கள். அளக்க வருவதானால் சாயங்காலம் வாருங்கள்! மலையிறங்கி வந்த சனம் மொத்தமும் பெட்டியைப் போட்ட பிறகு, எங்கள் கண்முன்னே அளந்து காட்டுங்கள்! அப்போது எத்தனை வருகிறதோ அதையே பலகையில் பெரிசாக எழுதுங்கள்! பத்து வந்தால் பத்து என்று எழுதுங்கள், பெருமையோடு வாங்குகிறோம். பத்தைத் தந்துவிட்டு நூறு என்று எழுதாதீர்கள். காற்றில் வருகிற சரக்கானால் என்ன, கண்ணுக்கு நேரே நிறுத்துத் தாருங்கள்!

கை தட்டுகிறீர்கள். தட்டுங்கள். சகோதரியும் தட்டுகிறார், அதை எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள்!

இத்தனை அவசரம் ஏன் என்றும் சொல்லிவிடுகிறேன். தை மாதம் சுதர்ஷினிக்குக் கல்யாணம். நாள் ஞாயிற்றுக்கிழமை. அன்று மலையில் வேலையில்லை. எல்லோரும் வீட்டில்தான், எல்லாப் பெட்டியும் போட்டபடிதான். லீலாவுக்கு லீவு கிடைக்கவில்லை. தன் ஒரே மகளின் கழுத்தில் தாலி ஏறுவதை அவள் அந்தச் சின்னத் திரையில்தான் பார்க்கப்போகிறாள். மூன்று முடிச்சு விழுகிற நேரம் எவ்வளவு நேரம், தாய்மார்களே? உங்களுக்குத் தெரியாதா? அந்த நேரத்தில் வட்டம் சுற்றினால், திரும்பப் போட்டுக் காட்ட முடியுமா?

கணபதி அண்ணே, முன்வரிசையில் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறீர்களே, நிமிர்ந்து பாருங்கள். அன்றும் உங்கள் தப்பு முழங்க வேண்டும். மாப்பிள்ளை அழைப்புக்கு முழங்க வேண்டும், உங்கள் தங்கை அதைக் குவைத்தில் கேட்டுச் சிரிக்க வேண்டும். ஊரார் போனை அணைக்கச் சொல்லி அது இன்னொரு முறை அழக்கூடாது!

படிப்பகம் தந்த மலையருவிக்கு நன்றி. பலகையைத் திருத்தித் தந்தால் இன்னும் பெரிய நன்றி. பொறுமையோடு கேட்ட தலைவருக்கும், வடை ஆறிய பிறகும் எழுந்து போகாத உங்கள் எல்லோருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. தை மாதத்துப் பந்தலில் சந்திப்போம். வணக்கம்!