நடுவில் ஒரு க

— இன்னும் க க கன்னுதான் ஓடிக்கிட்டு இருக்கா, மணி?

— ஆமாங்க. 'அரியலூர்'னு குடுத்தா 'கஅ'ன்னு ஒழுங்கா ஆரம்பிக்குது. அப்புறம் ஸ்கிரீன் முழுக்க க. நிக்கவே மாட்டேங்குது. நாலு நாளா இதே எழவு, கண்ணு எரியுது.

— அட, வுடு. கொஞ்சம் படு.

— எங்க படுக்குறது? நாளைக்குக் காலையில ஏழு மணி பஸ்ஸுல பரிச்சைக்குப் பெரம்பலூர் போவணும். இந்த அரியர் போச்சுன்னா இனிமே எழுத வுட மாட்டாங்க. கடைசி சான்ஸ்.

— தெரியும்.

— ஆமா, உங்களுக்கு சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் ஷிப்டாச்சே. மூணு மணிக்கே வந்து நிக்கிறீங்க?

— என்னமோ, இன்னைக்கு கூட்ஸ் ரயிலு ரேக்கு சீக்கிரம் முடிஞ்சுது. நீ வேலையப் பாரு. என்னதான் கேட்டாங்க உங்க சாரு?

— சொல் விளையாட்டு ஏதாவது ஒன்னை எடுத்துப் புரோகிராம் எழுதச் சொன்னாங்க. நான் நம்ம க பாஷைய எடுத்தேன்.

— அடப்பாவி! அம்மாவுக்குப் புரியக்கூடாதுன்னு நம்ம பேசிக்கிறதையா?

— அதேதான். வேற என்ன தெரியும் எனக்கு? எழுத்து ஒவ்வொன்னையும் தனித்தனியா வச்சு, ஒன்னோட ஒன்னு கோத்துருக்கணும். நடுநடுவுல க-வைச் சொருவணும். லிங்க்டு லிஸ்ட்டுன்னு பேரு.

— கொக்கி போட்டு கோக்குறதா?

— ஆமா. உங்க சிமெண்ட் வேகன் மாதிரிதான்னு வச்சுக்கங்க. ஒவ்வொரு எழுத்துக்கும் அடுத்தது எதுன்னு மட்டும்தான் தெரியும்.

— அப்ப 'அ'-வுக்குப் பின்னாடி நின்ன எழுத்தெல்லாம் எங்க போச்சு?

— அதாங்க தெரியல.

— முதல்ல எதைக் கழட்டுன?

— என்னது?

— 'அ'வோட கொக்கிய 'ரி'கிட்டேருந்து கழட்டி, புது க-வுல மாட்டிட்ட. சரியா?

— ஆமா...

— அப்ப 'ரி'ய யாரு புடிச்சுக்கிட்டா?

— யாருமே புடிக்கலையேங்க!

— புது வேகனை நடுவுல சேக்குறோம்னா, பின்னாடி நிக்கிறதை முதல்ல நிறுத்தணும், மணி. சக்கரத்துல கட்டை வச்சுட்டுதான் கொக்கியில கைய வைக்கணும். இல்லன்னா அது பாட்டுக்கு உருண்டு போயிடும். நீ முதல்ல க-வை 'ரி'யில மாட்டு. அப்புறமா 'அ'வைக் கழட்டு.

— இருங்க, இருங்க. இந்த ரெண்டு வரிய மேல கீழ மாத்துனா போதும்... ஏங்க! வந்துடுச்சுங்க! 'கஅகரிகயகலூர்'. அய்யோ, வந்துடுச்சு!

— மெதுவா. அம்மா கண்ணசந்துருக்கு.

— நாலு நாளா நான் முட்டிக்கிட்டது, ஒரு நிமிசத்துல சொல்லிட்டீங்களே! நாளைக்குப் பாஸ் பண்ணிட்டேன்னு வைங்க, ஜூன்ல கம்ப்யூட்டர் டீச்சர். ஸ்கூல்ல சொல்லி வச்சிருக்காங்க. அப்புறம் அந்த வேகன் வேலைய நீங்க வுட்டுரலாம்.

— ம்.

— என்ன ம்? சந்தோசமா சொல்லுங்களேன். எப்படிங்க டக்குன்னு கண்டுபுடிச்சீங்க?

— கொஞ்சம் நகரு. நான் ஒன்னு அடிக்கிறேன்.

— ஒத்த வெரலால அடிச்சு எப்ப முடிக்கிறது? சொல்லுங்க, நானே அடிக்கிறேன்.

— வேணாம். நானே அடிக்கிறேன்... ம், இப்ப மாத்து.

— 'கவேகலை கபோகயிகடுச்கசு'... ஏங்க, வேலை...

— சத்தமா படிக்காத. அம்மா முழிச்சிருச்சு.

— வேலை போயிடுச்சா?

— காலையில நானும் உன்ன மாதிரிதான் கழட்டினேன், மணி. கட்டை வைக்க மறந்துட்டேன், நாலு வேகன் உருண்டு போயிடுச்சு. நாளைக்கு நீ மாத்திக் கழட்டிராத.