அழித்த பிறகும் காலியாகாத இடம்

சிரிக்காதீர்கள். பேய் ராத்திரியில்தான் வரும் என்று யார் சொன்னது? இது உச்சி வெயிலில் நடந்தது. விடுமுறை நாள். ஆபீஸுக்குப் போகும் நீளச் சாலையில் ஒரு நாய்கூட இல்லை... நடந்து போனது என் சிநேகிதியின் அக்கா. அவர்கள் வீட்டின் முதல் பட்டதாரி. என்னைப் போல.

மேனேஜரை எல்லாரும் அண்ணா என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த ஆபீஸில் பாராட்டு மெயிலில் வரும். வில்லங்கமான வேலை மட்டும் போனில் வரும். அன்றும் போன்தான்.

“நாளைக்குப் புது அப்டேட் ஏத்தணும்மா. டிஸ்க்ல இடமில்ல. பழைய அப்டேட் ஃபைலெல்லாம் குப்பை, தூக்கிடு.”

“புதுசு சொதப்பினா திரும்பிப் போக அதுதானேண்ணா இருக்கு?”

“நான் இருக்கேன்ல? இடம் காலியாகலேன்னா உன் வேலைதான் காலி.”

சர்வர் அறை. மின்விசிறி இரைச்சல். சூடான பிளாஸ்டிக் வாசனை. அழித்தாள்... இடம் காலியாகவில்லை. அழித்த ஃபைலை யாராவது திறந்து வைத்திருந்தால் அப்படித்தான். அந்தப் பிடி விடும்வரை அதை மீட்கவும் முடியும். யார் பிடித்திருக்கிறார்கள் என்று பார்த்தாள்.

திரையில், அந்த நாற்காலியில் முன்பு இருந்தவளின் பெயர். போன வருஷம் சர்வர் நின்றபோது பழியை அவள் தலையில் கட்டித் துரத்தினார்கள். மறுநாள் கிணற்றில் பிணமாகத்தான் கிடைத்தாள்.

முதுகுக்குப் பின்னால்... ஈரத் துணி வாடை.

“அண்ணா... அவ லாகின் உள்ள இருக்கு.”

போனில் மேனேஜரின் குரல் தாழ்ந்தது.

“ரீஸ்டார்ட் பண்ணும்மா. எல்லாம் விட்டுடும்.”

செய்தாள். விசிறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. அந்த நிசப்தத்தில், காதோடு ஒரு குரல்.

“வேணாம்டி...”

இடம் காலியானது.

மறுநாள் புது அப்டேட் கவிழ்ந்தது. திரும்பிப் போகப் பழையது இல்லை. எல்லார் முன்னாலும் அக்காவின் முகத்தைப் பார்த்தே சொன்னான் அந்த ஆள்: “நான் எங்க சொன்னேன்? அதிகப்பிரசங்கி, அவளா வந்து அழிச்சிருக்கா.”

அண்ணனாம், அண்ணன்! செத்தவள் பிடித்துக்கொண்டு நின்றாள். உயிரோடு இருந்தவன் பிடித்துத் தள்ளினான்.

அன்றே வேலை போனது. அதே சாலையில் தனியாக நடந்து வந்தாளாம். வாசலில் பார்த்தவள் என் சிநேகிதி. கதவைத் திறந்த அக்கா உள்ளே வரவில்லை. ஒதுங்கி நின்றாள்... யாருக்கோ வழி விடுவது போல. பிறகு மெல்லச் சொன்னாள்:

“போடி, உள்ள போ. எங்க வீடுதான்.”

அப்புறம்தான் தானும் வந்து தாழ்ப்பாள் போட்டாள்.