யானை தும்மின வேன்

...அட, கூரையில இருக்கற அந்தப் பள்ளத்தை விடுங்க, அது அப்புறம். உள்ள வாங்க தம்பி. தலை பத்திரம்... இடிச்சுக்கிட்டீங்களா? எல்லாரும் அங்கதான் இடிச்சுக்குவாங்க. இந்த வேனை வாங்க வந்தவங்கள்ல நீங்க மூணாவது ஆளு. எங்க வீட்டுக்காரர் குளிச்சிட்டிருக்காரு. அதுவரைக்கும் நான் காட்டறேன்.

ரொட்டிக் கடைக்கு ஓடின வேன் இது. மழை பெஞ்சா இன்னும் ரொட்டி வாசனை அடிக்கும். இதை வீடு மாதிரி மாத்த ஏழு மாசம் தம்பி! வாசல்ல ஒரே டிரில்லு சத்தம். ஊருக்கெல்லாம் அலமாரி செய்யற தச்சரு இவரு. என் சமையக்கட்டு அலமாரிக்குக் கைப்பிடி போயி ஆறு வருஷமாச்சு, கரண்டியால நெம்பித்தான் திறக்கறேன். வேனுக்கு மட்டும் கட்டிலென்ன, மடக்கு மேசையென்ன, பாத்திரம் கழுவத் தொட்டியென்ன, கூரையில காத்துக்கு மூடியென்ன... அடடடா! கட்டிலுக்கு அளவெடுத்தாரே, யாரை வெச்சு எடுத்தாரு? தன்னையே வெச்சு! நான் அவரைவிட ஒரு சாண் உசரம். படுத்தா என் காலு ரெண்டும் தொட்டிக்குள்ள. சிரிக்காதீங்க, படுத்துப் பாருங்க. வேணாமா? சரி.

அப்புறம் என்ன, சோதிச்சுப் பாக்கணுமாம். பக்கத்துல எங்கயாவது போலாம்னேன். கேட்டாரா? நேரா காட்டுக்கு, சஃபாரிக்கு! காட்டு வாசல்லயே வனக் காவலர் படிச்சுப் படிச்சு சொன்னாரு. "இறங்காதீங்க, கண்ணாடியை இறக்காதீங்க, மேல்மூடியைத் திறக்காதீங்க." இவரும் பள்ளிக்கூடத்துப் புள்ள மாதிரி தலையாட்டினாரு.

ஒரு திருப்பம்தான் தம்பி. பாதையை அடைச்சுக்கிட்டு யானை! இவரு இஞ்சினை அணைச்சிட்டு, "மூச்சு விடாத"ங்கறாரு. நான் எதுக்கு மூச்சை நிறுத்தணும்? அந்த நேரம் பாத்து எப்படியோ மேல்மூடி திறந்துக்கிச்சு. சரசரன்னு உள்ள இறங்குச்சு பாருங்க, தும்பிக்கை! புது வீடு பாக்க வந்த நாத்தனார் மாதிரி ஒவ்வொண்ணாத் தடவுது. மேசையை மடக்குது, விரிக்குது. இவரு கட்டிலுக்கு அடியில ஒளியப் போனாரு. எங்க ஒளியறது? இவரேதான் அங்க இழுப்பறை அடிச்சு வெச்சிருக்காரே! மண்டி போட்டபடி நிக்கறாரு, அவரு உச்சந்தலை மேல போட்டுச்சு பாருங்க ஒரு தும்மல்... ஐயோ! தலையிலேர்ந்து கால் வரைக்கும் சளி. அப்புறம் அவரு தலகாணியைச் சுருட்டி எடுத்துக்கிட்டு, போற போக்குல கூரையில ஒரு சாய்ப்பு சாஞ்சிட்டுப் போச்சு. அதான் நீங்க கேட்ட பள்ளம்.

அன்னிக்கு வந்து விற்பனைன்னு போர்டு மாட்டினவருதான். ஒரு தும்மலுக்கு ஏழு மாச உழைப்பை விக்கறதா?

மூடியா? நல்ல இறுக்கமான மூடிதான். ரெண்டு தாழ்ப்பாள். தானா எப்படித் திறக்கும்னா... யாரும் இல்லையே? தம்பி, திறந்தது நான்தான். அவ்வளவு பெரிய காதைக் கண்ணாடி வழியாவா பாக்கறது? கட்டில் மேல ஏறி எட்டிப் பாத்தேன். அதோட கண்ணு இருக்கே... இமைமயிர் இவ்வளவு நீளம்! என் வயசுக்கு அப்படி ஒண்ணைப் பாத்ததில்ல. இனி அடுத்த காடு, அதுக்கடுத்த காடுன்னு நான் கணக்குப் போட்டு வெச்சிருக்கேன், இவரு என்னடான்னா...

என்ன, கிளம்பிட்டீங்க? பிரேக்கைப் பத்திச் சொல்லவே இல்லையே! நேத்து வந்தவரு யானை வரைக்கும்கூட நிக்கல, நீங்க பரவால்ல... தம்பி! தம்பி, தலை...! இடிச்சுக்கிட்டாரு, பாவம்.

என்னங்க! ஏங்க! குளிச்சது போதும், வாங்க. வந்தவரு போயிட்டாரு. எனக்கென்ன தெரியும்? நான் வாயே திறக்கலையே!