சப்பாத்தோட உள்ள வா

கழட்டாத பிள்ளை, சப்பாத்தைக் கழட்டாத. அப்பிடியே உள்ள வா. பக்கத்து வீட்டுக்குக் குடிவந்து ஒரு கிழமை ஆகேல்லை, அதுக்குள்ள கோயில்ல உனக்கும் சொல்லிப்போட்டினமோ? "அந்தக் கிழவி வீட்டில சப்பாத்தோடதான் சோபாவில இருக்கிறது, டென்மார்க்கில, இந்தப் பிராண்டேயில வெள்ளையளே வாசல்ல கழட்டுதுகள், இவவுக்கென்ன வந்தது" எண்டு. சொல்லட்டும். எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது. வாய் இருக்கு. இரு, கேள்.

ஓடுறம். அதில இருந்து துவங்கிறன். காலமை. தேத்தண்ணி கூட ஊத்தேல்லை. தூரத்தில "டுப்". அது செல், பீரங்கிக் குண்டு, வெளிக்கிடுற சத்தம். பிறகு கூவும். கூவிக்கொண்டு மேலால போனா உனக்கில்லை. கூவாமல் வாறதுதான் உனக்கு. செல்லம் கத்திறாள்.

"பங்கருக்குள்ள! பங்கருக்குள்ள ஓடுங்கோ!"

பிள்ளையள் ஓடுதுகள். பங்கர் எண்டா பதுங்குகுழி, அதின்ர வாசல்ல நிண்டு செருப்பைக் கழட்டுதுகள்!

பொறு, செல்லம் ஆரெண்டு சொல்லேல்லை. சுனாமி அடிச்சுதல்லோ. என்ர பேத்தி சாலினி, இங்க ஹேர்னிங்கில பிறந்தவள், நேர்ஸுக்குப் படிச்சவள், "டீவியைப் பாத்துக்கொண்டு இருக்கேலாது அம்மம்மா, நான் ஊருக்கு வேலை செய்யப் போறன்" எண்டாள். ஊரைக் கண்ணால கண்டறியாதவள்! தமிழில துவங்கிற கதை பாதியில டெனிஷில போய் விழும். தனிய விடலாமோ? நானும் வெளிக்கிட்டன். அவள் மருந்து கட்ட, நான் சோறு காய்ச்ச. கிழக்கில, கடலுக்கும் வாவிக்கும் நடுவில ஒரு பிள்ளையள் இல்லம். தாய் தேப்பன் கடலோட போன பிள்ளையள். எல்லாத்திலயும் கடைசிப் பெட்டையைச் சின்னன் எண்டுதான் கூப்பிடுறது. அங்க சமையல்காரி செல்லம்.

என்ர கறியை அவள் ஒரு நாளும் ஒத்துக்கொண்டதில்லை. "ஏனக்கா, டென்மார்க்கில உப்பு விக்கிறேல்லையோ?" எண்டு கேப்பாள். "உன்ர கறியில கடலே கிடக்கு, போடி" எண்டுவன். சிரிச்சுச் சிரிச்சு வயிறு நோகும். இப்பவும் சிரிப்பு வருது, பார்.

பிறகு நாட்டில திரும்பவும் சண்டை துவங்கிச்சுது. ஒரு வாகனம் வந்தது. "வெளிநாட்டுப் பாஸ்போட் வைச்சிருக்கிற ஆக்கள் ஏறுங்கோ! கெதியா!" சாலினி கேட்டாள், "பிள்ளையளும் வருவினமோ?" "இல்லைத் தங்கச்சி, இடமில்லை." "நை" எண்டாள் இவள். டெனிஷில மாட்டன் எண்டு. அந்த மனுசனுக்கு விளங்கேல்லை. எனக்கு விளங்கிச்சுது. ஏத்தின பையை நானே திரும்ப இறக்கினன். போனால் எல்லாரும் போறது. இல்லாட்டி ஒருத்தரும் இல்லை.

அந்தப் பங்கருக்குள்ள செல்லம் ஒரு அம்மன் படம் வைச்சிருந்தாள். சாமி இருக்கிற இடமெல்லோ. எங்கட ஆக்களுக்குச் சொல்லவும் வேணுமோ, கால் தானாக் கழட்டும். செல் விழுகுது, வாசல்ல கோயில் மாதிரிச் சோடி சோடியாச் செருப்பு. நானும் கழட்டினனான்.

அண்டைக்கு, முதல்ல சொன்ன அந்தக் காலமை, ஒரு செல் சமைக்கிற குசினியில விழுந்தது. மண் கொட்டுது. காது அடைச்சுப்போச்சு. சாலினி கத்திறாள். "இருந்தாப் புதைஞ்சு போவம்! வாவிக்கு! வாவிக்கு ஓடுங்கோ!" வாவி வரைக்கும் முள்ளுக்காடு. வெறுங்காலோட அந்தக் குஞ்சுகள் ஓடுமோ? வாசல்ல கிடந்த செருப்பெல்லாம் முற்றம் முழுக்கச் சிதறிக் கிடக்கு.

செல்லம் வெளியில பாய்ஞ்சாள். குனிஞ்சு குனிஞ்சு பொறுக்கிறாள். சீலை மடியில போடுறாள். ஓடிவந்து எங்கட முன்னால கொட்டினாள். எண்ணிப் பாத்தாள். திரும்பவும் ஓடுறாள்.

"செல்லம்! வாடி உள்ள! விடடி!"

"சின்னன்ர ஒரு செருப்பைக் காணேல்லை அக்கா!"

"டுப்." கூவேல்லை.

செருப்பை மாட்டினம். அளவு பாக்கேல்லை. இடம் வலம் பாக்கேல்லை. "ஓடுங்கோடா! திரும்பிப் பாக்காதேங்கோ!" சாலினி சின்னனைத் தூக்கிக்கொண்டு முன்னால. நான் எல்லாருக்கும் பின்னால. முழங்கால் நோவு அண்டைக்கு எங்க போச்சுதோ! திருப்பியும் செல் வந்தது. திருப்பியும் ஓடினம். தோணியில ஏறி அக்கரையில இறங்கேக்க என்ர ஒரு காலில ஆம்பிளைச் செருப்பு, மற்றதில பொம்பிளைச் செருப்பு.

போனதைச் சொல்லுறன், கேட்டு வைச்சிரு. செல்லம். காட்டுக்குள்ள எங்கட இல்லத்துப் பிள்ளையள் கவிதாவும் அவளின்ர தம்பி ரூபனும், கை கோத்தபடி. பேரை நீயும் ஒருக்காச் சொல்லு. ம். குசினி. பெரிய கிடாரம். நான் இங்கயிருந்து காவிக்கொண்டு போன பிறஷர் குக்கர். அம்மன் படம். சின்னன்ர ஒரு செருப்பு, நீலம்.

மற்றப் பிள்ளையள் எல்லாம் உயிரோட வந்துதுகள். ஓடினதுகள், வந்துதுகள். காலில செருப்பு இருந்தது. சின்னனுக்கு இப்ப ஒரு பெட்டைக்குஞ்சு, செல்லம் எண்டுதான் பேர் வைச்சவள்! சாலினி இப்ப இங்க ரண்டர்ஸில நேர்ஸ். சமாதானமெண்டு சொன்ன உடன திரும்பவும் போனவள், என்னைக் கேக்காமலே.

என்ர வாசல்ல இனி ஒருத்தரும் கழட்டக் கூடாது. சாமி அறைக்கும்தான். கோயில் ஐயர் ஏசினார். அம்மனுக்குக் கோவமெண்டா அவ நேர வந்து என்னோட கதைக்கட்டும், எனக்கும் அவவிட்டக் கேக்க இருக்கு எண்டிட்டன்.

அட, காலைத் தூக்கு பிள்ளை. பனிச்சேறு கம்பளம் முழுக்க. இல்லையில்லை, கழட்டாத! நீ இரு. நான் மொப் எடுத்துக்கொண்டு வாறன்.