இரண்டு விநாடியில் நிறுத்திய பதிவு

மேடையில் அமர்ந்திருக்கும் இயக்குநர் அவர்களே, ஆய்வகத் தோழர்களே, முன்வரிசையில் இருக்கும் பசை டாக்டரின் கணவர் அவர்களே, மகளே, அனைவருக்கும் வணக்கம்.

இந்த இரங்கல் கூட்டத்தில் அவரைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். பதினாறு ஆண்டுகள் என் குழுவில் இருந்தவர். அந்தப் பட்டப்பெயரை வைத்தவனும் நான்தான். மூளையில் நியூரான்கள்தான் செய்தி அனுப்பும், சுற்றியிருக்கும் கிளையா செல்கள் அவற்றை ஒட்டிவைக்கும் வெறும் பசை என்று படித்து வந்தவன் நான். அந்தச் செல்களை ஆராயத்தான் அவர் வந்தார். "பசையைப் பாத்து என்னம்மா கிழிக்கப் போறே?" என்றேன். கோபப்பட்டாரா? இல்லை! "பாத்துட்டுச் சொல்றேன் சார்" என்றார்.

எங்கள் வேலை இதுதான். மூளைத் திசுவின் மெல்லிய சீவலை நுண்ணோக்கியின் கீழ் வைப்போம். செல்லுக்குள் கால்சியம் ஏறினால் ஒளிரும் சாயத்தை ஊற்றுவோம். நியூரானை மின்சாரத்தால் தூண்டுவோம். அது கண்ணிமைக்கும் முன்னே பதில் சொல்லிவிடும். ஆகவே இரண்டு விநாடியில் பதிவை நிறுத்த வேண்டும் என்று விதி போட்டேன். கணினியில் இடம் மிச்சம் பாருங்கள்! அந்தப் பதிவுகளை வைத்தே, கிளையா செல்கள் பதில் சொல்வதில்லை என்று கட்டுரையும் எழுதினேன். பலரும் மெச்சினார்கள்.

ஒரு நாள் மதியம், பதிவை நிறுத்த மறந்து அவர் சாப்பிடப் போய்விட்டார். திரும்பி வந்து பதிவைப் பார்த்தால், நியூரான் அடங்கி ஐந்து விநாடி கழித்துப் பக்கத்துக் கிளையா செல் ஒளிர்கிறது! அதற்குப் பிறகு அந்த நியூரானின் பதிலும் மாறுகிறது. என் அறைக்கு ஓடி வந்தார். "சார், இதுவும் பேசுது சார். நாமதான் பாதியில எந்திரிச்சுப் போயிட்டோம்."

நான் பாராட்டினேனா? "சாயம் கெட்டிருக்கும்மா, புதுசா ஊத்து" என்றேன்.

ஊற்றினார். நானூறு சீவல்களில் ஊற்றினார். நியூரான் வெளியிடும் வேதிப்பொருளைக் கிளையா செல் உணராதபடி மருந்தால் தடுத்தும் பார்த்தார். அப்போது ஒளி வரவில்லை. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? நம் கட்டுரை தவறு என்று இதழுக்கு ஒரு கடிதம் எழுதி என் மேசையில் வைத்தார். என் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் "பாக்கலாம்" என்றேன்.

போன மாதம் மருத்துவமனையில் பார்த்தபோது, "லெட்டர் போயிருச்சா சார்?" என்று கேட்டார். "போயிருச்சும்மா" என்றேன். அவர் கணவரும் அப்போது பக்கத்தில் இருந்தார். நண்பர்களே, அது பொய். நான் வெட்கப்படுகிறேன்.

அவர் பணியைத் தொடர்வோம். இனி எந்தப் பதிவும் ஒரு நிமிடத்துக்குக் குறையாது. பழைய சோதனைகள் எல்லாவற்றையும் திரும்பச் செய்வோம். அந்தக் கடிதத்தில் நேற்று கையெழுத்திட்டேன், இதோ, கொண்டுவந்திருக்கிறேன். மகளே, இதை நீயே அனுப்பிவிடம்மா. என் கையில் இருந்தால், நாளைக்கும் நான் "பாக்கலாம்" என்றுதான் சொல்வேன்.