சத்தம் போடாத பிக்கப்

ஸ்டெபிலைசர் லிங்க் மாற்றும்போது இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றவேண்டும், டோரின் மிஸ். ஒரு பக்கத்தை மட்டும் மாற்றிவிட்டு வண்டியைக் கொடுப்பவனை நான் மெக்கானிக் என்று சொல்லமாட்டேன்.

வரதராசா எங்கள் லொட்ஜில் இருந்தவர்தான் என்று நான் ஒரு கையெழுத்து வைத்தால் பொலிஸ் அவரை விட்டுவிடும் என்கிறீர்கள். வக்கீல் நீங்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். பிறகு ஏன் தயங்குகிறாய் என்று கேட்டீர்கள். சொல்கிறேன். கொட்டாஞ்சேனையில் கராஜ் வேலை, வெள்ளவத்தையில் லொட்ஜ் அறை. ஒளிப்பதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை.

லொட்ஜ் முதலாளி சிவபாதசுந்தரம் அறைக்குள் சமைக்க விடமாட்டார். பிடிபட்டால் அன்றைக்கே பெட்டியோடு வெளியே. இருந்தாலும் எல்லா அறையிலும் ஒரு கரண்ட் அடுப்பு இருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து விசாவுக்காகக் காத்திருக்கிற சனம் எத்தனை நாளைக்குத்தான் கடைச் சாப்பாடு சாப்பிடும். எங்களைக் காப்பாற்றியது முதலாளியின் பிக்கப்தான். வளைவில் வண்டி சாயாமல் பிடிக்க முன்பக்கம் ஒரு கம்பி உண்டு. அதைச் சில்லுப் பக்கத்தோடு கோர்க்கும் சின்னத் துண்டுதான் லிங்க். அது தேய்ந்து தொளதொளத்திருந்தது. லொட்ஜுக்குத் திரும்பும் ஒழுங்கை வாசலில், சாக்கடைக் கான் மூடி உடைந்த பள்ளத்தில் வண்டி ஏறினால், டொக் டொக் என்று மேல்மாடிவரை கேட்கும். ஆனை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே. உடனே அடுப்புகள் கட்டிலுக்குக் கீழே போகும், ஜன்னல்கள் திறக்கும், சாம்பிராணி புகையும். முதலாளி படியேறி வந்து, நல்ல பக்தியான பிள்ளைகள் என்று மெச்சிவிட்டுப் போவார்.

மேல்மாடியில் ஜெகதீஸ்வரி இருக்கிறாள். நுகேகொடையில் ரைப்பிஸ்ட் வேலை. பின்னேரம் வந்ததும் என் அறை வாசலில் கோப்பையோடு நிற்பாள். கடை இடியப்பமும் என் பருப்புக் கறியும்தான் அவளுடைய இராச் சாப்பாடு. அதற்காகவே கைக் கிரீஸைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவேன். அவளை எனக்கு நன்றாகப் பிடித்திருந்தது. அவள் என்னை அண்ணை என்பாள். எல்லாரையும் அப்படித்தானே சொல்கிறார்கள்.

பிறகு வரதராசா வந்தார். கனடா ஸ்பொன்சருக்குக் காத்திருந்தவர். நல்ல மனிதர், அதை மறுக்கமாட்டேன். தேங்காய்ப்பால் விட்டு விளைமீன் குழம்பு வைத்தால் ரயில் பாதை தாண்டிக் கடற்கரைவரை மணக்கும். ஒருநாள் ஜெகதீஸ்வரி என் வாசலில் நிற்காமல் போனாள். கேட்டேன்.

“இண்டைக்குப் பருப்பு வேண்டாம் அண்ணை. வரதண்ணையிட்ட மீன் இருக்கு.”

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் மீன் இருந்தது. என் பருப்பு ஊசிப்போனது. எனக்கு வயிறு எரிந்தது, மிஸ். சொல்ல வெட்கமில்லை.

அதற்காக நான் யாரையும் அடிக்கவில்லை, மொட்டைக் கடிதம் போடவில்லை. முதலாளியிடம் போய், இந்த லிங்கோடு ஓடினால் வளைவில் வண்டி கவிழும் என்றேன். கொஞ்சம் கூட்டித்தான் சொன்னேன். வண்டி கராஜுக்கு வந்தது. சில்லைக் கழற்றி, துருப்பிடித்த நட்டுக்கு எண்ணெய் விட்டு ஊறவைத்தேன். நட்டைத் திருப்பினால் உள்ளே தண்டும் கூடவே சுற்றும். அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறுகையால் கழற்றவேண்டும். பொறுமை வேண்டும், எனக்கு அது உண்டு. இரண்டு பக்கமும் புது லிங்க் பூட்டி, வண்டியை நிலத்தில் இறக்கிய பிறகுதான் கடைசி முறுக்கு முறுக்கினேன். கராஜ்காரர் ஒஸ்வால்ட் முகத்துவாரம்வரை ஓட்டிப் பார்த்துவிட்டு, பூனை மாதிரிப் போகுது என்றார்.

லொட்ஜில் யாருக்கும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. மீன் மணத்த ஒரு பின்னேரம் சந்திக் கடையிலிருந்து முதலாளிக்கு ரெலிபோன் எடுத்து, வண்டியை இந்தப் பக்கம் ஒருக்கா ஓட்டி வந்து காட்டுங்கோ என்றேன். செய்த வேலையை விசாரிப்பது எங்கள் தொழில் வழக்கம். என் அடுப்பு அன்றைக்குக் கராஜில் இருந்தது.

முதலாளி படியேறி வந்தபோது வரதராசா அகப்பையும் கையுமாக நின்றார். மற்ற அறைகளின் அடுப்புகளும் பறிபோயின. வரதராசாவைத்தான் முதலில் கண்டபடியால் அவருக்குப் பெட்டி கட்டவேண்டி வந்தது. கிருலப்பனையில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிற வழியில் சோதனைச்சாவடியில் பிடித்தார்கள். எங்கே தங்கியிருந்தாய் என்று கேட்க, எங்கள் லொட்ஜைச் சொல்லியிருக்கிறார். விசாரிக்க வந்தவர்களிடம் முதலாளி அப்படி ஓர் ஆளே இல்லை என்றுவிட்டார். வடக்கிலிருந்து வந்து தங்குகிறவர்களைப் பொலிஸில் பதியவேண்டும், பதியாமல் வைத்திருந்த பயம். என்னிடமும் கேட்டார்கள். எனக்கும் தெரியாது என்றேன்.

வண்டியைத் திருத்திக் கொடுத்த நன்றிக்கு முதலாளி எனக்கு மட்டும் அடுப்பு வைத்திருக்க விட்டார். நேற்று ஜெகதீஸ்வரி என் வாசலில் வந்து நின்றாள், வெறுங்கையோடு.

“அண்ணை, ஒரு சைன் மட்டும் வையுங்கோ. அவர் வெளிய வந்தாக் காணும், நான் வேற ஒண்டும் கேக்கமாட்டன்,” என்று அழுதாள்.

அழட்டும். அழுதால் பசிக்கும். நான் தினமும் இரண்டு பேருக்குத்தான் பருப்புப் போடுகிறேன். அதனால் பேனையை உள்ளே வையுங்கள், மிஸ், இதற்கெல்லாம் அவசரப்படக்கூடாது. வரதராசாவுக்கு அங்கே ஒரு குறையும் இராது. நேரத்துக்குச் சாப்பாடு கொடுக்கிறார்களாம், அவர் சமைக்கவே தேவையில்லை.