விவேக் நகருக்கு வரும் இரண்டாவது லைன்

“குழி வெட்டினவனைத்தான் கேக்கணும் மேடம்.”

தூங்கிக்கொண்டிருந்த நான் விழித்துக்கொண்டேன். ஓசூர் ரோட்டில் பஸ் நகரவில்லை. முன் சீட்டில் ஓர் இளைஞரும் ஐம்பது வயது அம்மா ஒருவரும். இருவர் கழுத்திலும் ஒரே கூட்டுறவு பேங்கின் அட்டை.

“இருக்கிற இன்டர்நெட் லைன் அறுந்தா பிராஞ்சே படுத்துக்குது. அதான் வேற கம்பெனில இன்னொரு லைன் வாங்கலாம்னு எழுதிக் கொடுத்தேன்.”

“நல்லதுதானே. அதுக்கு ஏன்பா மூஞ்சி இப்படி இருக்கு?”

“ரெண்டு கேபிளும் ஒரே குழில வந்தா? ஜேசிபி ஒருதரம் பல்லு வெச்சா ரெண்டும் போச்சு.”

“கம்பெனிக்காரங்கள கேட்டியா?”

“தனித்தனி வழின்னு மேப் காட்டுறாங்க. மேப்ல எல்லாம் தனித்தனிதான்.”

“டவர்லேர்ந்து கேபிள் இல்லாம வாங்கேன்.”

“மழைக்கு நிக்காதுன்னு சேர்மன் ஒத்துக்கல. பதினொரு மணிக்கு ரெண்டும் தனிதான்னு நான் கையெழுத்துப் போடணும். போன தடவை லைன் போனப்பவே பென்ஷன்காரங்க என் சட்டையைப் பிடிச்சாங்க. இன்னொரு தடவைன்னா வேலை போயிடும் மேடம்.”

“நம்ம விவேக் நகர் பிராஞ்சுக்குத்தானே? சர்ச்சுக்குப் பின்னாடி ரோடு?”

“அதேதான்.”

அந்த ரோட்டில் போன மழைக்கு முன்னால் இருபது நாள் குழி வெட்டினேன். ஒரு கம்பெனி கேபிளுக்கான ஆரஞ்சுக் குழாயையும் இன்னொரு கம்பெனியின் நீலக் குழாயையும் ஒரே குழியில்தான் இறக்கினோம். நடைவழியில் நீட்டியிருந்த காலைக்கூட மடக்காமல் மறுபடி கண்ணை மூடிக்கொண்டேன்.

பஸ் நின்றது.

“வெட்டின ஆளுங்க இப்ப எந்த ஊர்ல இருக்காங்களோ” என்றபடி அந்த அம்மா என் காலைத் தாண்டி இறங்கினார்.